ஒட்டினா போதுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள், பிள்ளைகளின் விஞ்ஞானக் கண்காட்சிக்குத் தொட்டி செய்து கொடுக்கும் வாப்பாமார், கற்பிட்டிப் பக்கம் ஹோட்டல் நடத்துகிறவர்கள், முருகைக்கல் நடப்போகிறோம் என்று கிளம்பியிருக்கும் தம்பிமார் எல்லோரும் கடைசி வரைக்கும் வாசியுங்கள். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள். பதில் சொல்வோம்.

பாத்ரூம் மூலைக்கு அடிக்கிற சிலிக்கனை மீன் தொட்டிக்குள் அடிக்காதீர்கள். போட் அடியில் பூசுகிற பைபர் பிசினைத் தண்ணீருக்குள் கொண்டுபோகாதீர்கள். கடலில் உயிரோடு நிற்கிற முருகைக்கல்லை உடைத்துக்கொண்டு வந்து "சேர், இதை எந்தக் கம்மால ஒட்டலாம்?" என்று எங்களிடம் கேட்காதீர்கள்.

இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. கட்டாரிலும் சவூதியிலும் வேலை செய்துவிட்டு வரும் நம்ம பிள்ளைகள் அங்கே கடைத்தெருவில் கண்ட கடல் தொட்டிகளைப் பார்த்து ஆசைப்பட்டு வருகிறார்கள். நீல லைட், ஆடுகிற பூ மாதிரி முருகைக்கல், நடுவில் கோமாளி மீன். நமக்குக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது, தண்ணீருக்குக் காசில்லை, மீனுக்கும் பெரிய காசில்லை. அதனால் தொட்டி சுலபம் என்று நினைக்கிறார்கள். கல்லை அடுக்கி, ஒன்றோடொன்று ஒட்டி, மேலே உயிர்களை இருத்த வேண்டிய இடத்தில்தான் ஹாட்வெயார் கடைக்குப் போகிறார்கள். அங்கே கிடைக்கிற பதில் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

"ஒட்டினா போதும்தானே."

இந்த மூன்று எழுத்துப் 'போதும்' மேல்தான் எங்கள் வழக்கு. கடைக்கார நானா மேல் இல்லை. அவர் விற்பது ஓட்டை அடைக்கும் சாமான், அதை அவர் சரியாகத்தான் விற்கிறார். பிழை, டியூபைத் திருப்பிப் பார்க்காத நம்மில் இருக்கிறது. தரம் பத்து, பதினொன்றில் பல்பகுதியம், ஒருபகுதியம் என்று எழுதி ஏ எடுத்த பிள்ளை, அதே பல்பகுதியம் தன் கையில் டியூபாக இருக்கும்போது அதன் பின்பக்கத்தை வாசிப்பதில்லை. நாம் வாசிக்கச் சொல்லிக் கொடுப்பதும் இல்லை.

நாம் அறிந்த ஒரு பாடசாலையில் கண்காட்சிக்கு இரண்டடித் தொட்டி ஒன்று செய்தார்கள். பெயர் வேண்டாம், அது அவர்களை அவமானப்படுத்தும் விசயமும் இல்லை. கண்ணாடி வெட்டி, சிலிக்கன் அடித்து, மறுநாளே கற்பிட்டியிலிருந்து கான்களில் கடல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, இறால், துறவி நண்டு, சின்ன மீன் என்று விட்டார்கள். முதலில் இறால் கவிழ்ந்தது. பிறகு நண்டு. மீன் அடுத்த நாள் வரை தாக்குப்பிடித்தது. "கண் பட்டிட்டு" என்றார்கள். "தண்ணி சரியில்ல" என்றார்கள். குப்பைத் தொட்டியில் கிடந்த டியூபை எடுத்துப் பார்த்தால், பாத்ரூம், கிச்சன் என்று படம் போட்டு, 'ஆன்டி ஃபங்கல்' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது.

புதுத் தொட்டியில் அமோனியா ஏறியும் உயிர்கள் சாகும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் முள்ளந்தண்டிலிகள் முதலில், அதுவும் ஒரே இரவில் போகிறபோது விஞ்ஞானம் படித்தவன் தண்ணீரில் வேறென்ன கலந்தது என்று கேட்க வேண்டும். பூஞ்சணத்தைக் கொல்ல ஒரு மருந்தைச் சேர்த்துத்தான் அந்தச் சிலிக்கனைச் செய்கிறார்கள். மாதக்கணக்கில் மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் அந்த மருந்தின் வேலை. பாத்ரூமில் அது நல்ல குணம். இரண்டடித் தொட்டியில் அதே குணம்தான் கொலை.

சிலிக்கனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பிழை நடப்பது அங்கேதான். அடிக்கும்போது வினாகிரி மணம் வருகிற சிலிக்கன் ஒரு வகை. காற்றிலுள்ள ஈரப்பதனை எடுத்துக்கொண்டு இறுகும்போது அசற்றிக் அமிலத்தை வெளியே விடுகிறது. மணம் முழுதாகப் போனபின் மிஞ்சுவது கிட்டத்தட்ட ஒன்றோடும் தாக்கம் புரியாத இறப்பர். மீன் தொட்டி செய்பவர்கள் காலங்காலமாகப் பாவிப்பது இந்த வகைதான், பூஞ்சண மருந்து சேர்க்காதது. வினாகிரி மணம் இல்லாத 'நியூட்ரல்' வகைகள் இறுகும்போது வேறு சாமானை வெளியே விடும், அவற்றில் பலதில் ஒட்சைம் என்ற வகைச் சேர்வை வரும். மணம் இல்லாததால் நல்லது என்று நினைக்கிறார்கள். நம்மூரில் மணத்தை வைத்து மருந்தையும் நஞ்சையும் தீர்மானிக்கிற பழக்கம் ஒன்று இருக்கிறது.

'100% சிலிக்கன்' என்று போட்டிருந்தால் போதுமா என்று கேட்கிறார்கள். அந்த வரி பூஞ்சண மருந்து இல்லை என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. 'அக்குவேரியம்' என்று டியூபிலேயே எழுதியிருக்க வேண்டும். டியூப்களில் ஆங்கிலமும் சிங்களமும் இருக்கும், தமிழ் தேடித்தான் பார்க்க வேண்டும். அதனால் பிள்ளைகளுக்கு ஐந்து ஆங்கிலச் சொற்களையாவது அடையாளம் காணச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது: ஆன்டி ஃபங்கல், மோல்ட் ரெஸிஸ்டன்ட், சனிட்டரி, கிச்சன், பாத்ரூம். இதில் ஒன்று கண்ணில் பட்டால் டியூபைத் திரும்ப வைத்துவிட்டு வரட்டும்.

அப்புறம், அவசரம். சிலிக்கன் வெளியிலிருந்து உள்நோக்கி இறுகும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான். மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும். தடித்த மூலைகளுக்கு ஒரு கிழமை விடுங்கள். பிறகு நல்ல தண்ணீர் நிரப்பி ஒரு நாள் வைத்து ஊற்றிவிட்டுத்தான் கடல் தண்ணீர். கண்காட்சி திங்கட்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு தொட்டி ஒட்ட உட்காருவது நம்ம ஆட்களின் வழமை. ஈரமான கண்ணாடியில், தண்ணீருக்கு அடியில், சிலிக்கன் பிடிக்கவும் பிடிக்காது. ஆகவே தொட்டியின் கண்ணாடிக்கு மட்டும் அது. முருகைக்கல்லுக்கு அது சரிவராது.

முருகைக்கல்லுக்கு என்ன? இதற்குப் பதில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சுப்பர் குளூ.

ஆம், செருப்பு ஒட்டுகிற அதே குடும்பம். சயனோஅக்ரிலேற்று என்பது அதன் பெயர். 1942இல் அமெரிக்காவில் கொடக் கம்பனியில் ஹரி கூவர் என்ற இரசாயனவியலாளர், துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்தபோது இது கையில் அகப்பட்டது. தொட்டதில் எல்லாம் ஒட்டிக்கொண்டதால் வேண்டாம் என்று வைத்துவிட்டார்கள். பல வருடம் கழித்துத்தான் இது பசையாகவே நல்லது என்று விளங்கி, 1958இல் கடைக்கு வந்தது. இதன் உறவினர் ஒன்றைத்தான் இன்று ஆஸ்பத்திரியில் தையலுக்குப் பதிலாகத் தோல் வெட்டுக்கு ஒட்டுகிறார்கள்.

மற்றப் பசைகளுக்குத் தண்ணீர் எதிரி. இதற்குத் தண்ணீர்தான் தூண்டி. டியூபுக்குள் தனித்தனி ஒருபகுதியமாக இருப்பது, ஈரம் பட்டதும் சங்கிலியாகக் கோர்த்துப் பல்பகுதியமாக இறுகும். கடல் தண்ணீர் இலேசாகக் காரத்தன்மை உள்ளது என்பதால் இன்னும் வேகமாக இறுகும். அதனால்தான் நீர்ப்பதமான சுப்பர் குளூவைத் தண்ணீருக்குள் பிழிந்தால் வெள்ளைத் தோலாகி மிதக்கிறது. 'ஜெல்' என்று வருகிற கெட்டியான வகைதான் வேண்டும். முருகைத் துண்டின் அடியைத் தண்ணீருக்கு வெளியே துடைத்து, ஜெல்லைக் கொஞ்சம் தாராளமாக வைத்து, தண்ணீருக்குள் கொண்டுபோய்க் கல்லில் அழுத்தி ஒரு சுற்றுத் திருகுங்கள். போகிற வழியில் ஜெல்லின் மேல் ஒரு தோல் படிந்திருக்கும். திருகும்போது அந்தத் தோல் உடைந்து உள்ளே இருக்கிற பச்சைப் பசை கல்லைப் பிடிக்கும். பத்துப் பதினைந்து எண்ணும் வரை அசைக்காதீர்கள். இவ்வளவுதான் வித்தை.

"இது உடையுமே சேர், எபொக்சிதானே ஸ்ட்ரோங்" என்பார்கள். உடையும். சயனோஅக்ரிலேற்று நொறுங்கும் தன்மை உள்ளது, மாதக்கணக்கில் தண்ணீரில் கிடந்தால் பலமும் குறையும். ஆனால் நாம் ஒட்டுவது உயிருள்ள ஒன்றை. முருகைக்கல் தான் நிற்கிற இடத்தைத் தானே சுண்ணாம்பு வைத்துக் கட்டிக்கொள்ளும். அடியில் பரவி, கல்லோடு கல்லாகப் பிடித்துக்கொள்ளும். அதுவரைக்கும் ஆடாமல் வைத்திருப்பதுதான் பசையின் வேலை. பிறகு பசை போனால் என்ன? நூறு வருடம் இருக்கிற பசையைத் தேடுகிறவர்கள் முருகைக்கல்லைப் பிளாஸ்டிக் பூவாக நினைக்கிறார்கள். கடலில் பசை வைத்தது யார்? பார் ரீஃபில் உடைந்த துண்டுகளையெல்லாம் சேர்த்துப் பிடித்திருப்பது கல் மேல் இளஞ்சிவப்பாகப் படரும் ஒரு வகை அல்கா. நம்ம போட் அடியில் பிடிக்கும் கொட்டலசைச் சுரண்டியவர்களுக்குத் தெரியும், தண்ணீருக்கு அடியில் ஒட்டுகிற வித்தையை அல்லாஹ் யார் யாருக்குக் கொடுத்திருக்கிறான் என்று.

பிசைந்து வைக்கிற எபொக்சிக்கு வருவோம். பைப் ஒழுகினால் இரண்டு துண்டை ஒன்றாகப் பிசைந்து வைப்போமே, அது. தண்ணீருக்கு அடியிலும் இறுகும். பெரிய கல்லுக்கு, இடைவெளி நிரப்புவதற்கு அதுதான் தேவை. ஆனால் தனியே வழுவழுப்பான கல்லில் அவ்வளவு நன்றாகப் பிடிக்காது, அதனால் அனுபவசாலிகள் எபொக்சி உருண்டையின் இரண்டு பக்கமும் ஜெல் வைத்து நடுவில் சொருகுகிறார்கள். இங்கே கவனிக்க வேண்டியது கலவை. எபொக்சியில் ஒரு பகுதி பிசின், மறு பகுதி அமைன் வகை இறுக்கி. இரண்டும் முழுதாகச் சேர்ந்து இறுகியபின் உயிர்களுக்கு அதனால் தொல்லை குறைவு. சேராமல் கிடக்கிற வெள்ளைக் கோடு எப்போதும் இறுகாது, கசிந்துகொண்டே இருக்கும். நிறம் ஒரே சீராக வரும்வரை பிசையுங்கள். ஒரே தடவையில் கைநிறைய வைக்காதீர்கள், தண்ணீர் கலங்கும், நுரை பிரிக்கும் ஸ்கிம்மர் பொங்கி வழியும். கையுறை போடுங்கள், இறுகாத எபொக்சி தோலில் ஒவ்வாமை கிளப்பும். இரும்புத் தூள், செப்புத் தூள் சேர்த்து 'ஸ்டீல்', 'கொப்பர்' என்று வருகிற எபொக்சி எதுவும் தொட்டிக்கு ஆகாது. மீன் நோய்க்குப் போடுகிற செப்பு மருந்தே இறாலையும் முருகைக்கல்லையும் கொல்லும் என்பது தொட்டி வைத்தவர்களுக்குத் தெரிந்த விசயம்.

இறுகாத பிசின் என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து வந்த பிளாஸ்டிக் மணிகளை மேற்குக் கரை நெடுகிலும் அள்ளினார்கள். அந்தக் கப்பலின் சாமான்களில் நைத்திரிக் அமிலம் இருந்தது, எபொக்சிப் பிசினும் இருந்தது. அன்றைக்குக் கம்பனிக்காரனைத் திட்டிப் பதிவு போட்டவர்கள் நாம். திட்ட வேண்டியதுதான். அதே வகைப் பிசினை அரைகுறையாகப் பிசைந்து தன் தொட்டிக்குள் வைக்கிறவனுக்கு அந்தக் கோபம் ஏன் வருவதில்லை? அளவு சின்னது என்பதாலா? இறாலுக்கு அந்தத் தொட்டிதான் கடல்.

போட் பிசினைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. அது பொலியெஸ்டர், அதில் ஸ்டைரீன் இருக்கிறது. கண்டக்குளியிலோ கற்பிட்டியிலோ போட் திருத்துகிற இடத்தில் மூக்கைக் குத்துகிற மணம் அதுதான். வேலை செய்கிற தம்பிமாரே முகமூடி போட வேண்டும். அதை ஒரு ஆள் தொட்டிக்குள் பூசியிருக்கிறார் என்று கேட்டபோது நாம் நம்பவில்லை, படம் அனுப்பினார்கள். பி.வி.சி. பைப் கம்மும் அப்படித்தான், பைப்புக்கு வெளியே காய்ந்தபின் சரி, தண்ணீருக்குள் பிழிவதற்கு இல்லை.

இனிச் சீமெந்து. நாம் சீமெந்து ஊர்க்காரர். பாலாவியில் ஆலை, அருவக்காட்டில் சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லே ஒரு காலத்தில் கடலடியில் படிந்ததுதான், உடைத்துப் பார்த்தால் சிப்பியின் அச்சுத் தெரியும். அதனால் சீமெந்து கடலுக்குப் பாதகமில்லை என்று ஒரு நண்பர் வாதிட்டார். கல் பாதகமில்லை. சூளையில் சுட்டு, தண்ணீர் சேர்த்துக் குழைத்தபின் அது கல்சியம் ஐதரொட்சைட்டை வெளியே விடுகிறது. புதுச் சீமெந்தில் ஊறிய தண்ணீரின் pH பன்னிரண்டைத் தாண்டும், கடல் தண்ணீர் எட்டுக்குச் சற்று மேல். நாலு படிதானே என்று நினைக்கக்கூடாது. ஒரு படிக்குப் பத்து மடங்கு, நாலு படிக்குப் பத்தாயிரம் மடங்கு. இதைத் தரம் பத்தில் நாம் பலகையில் எழுதுகிறோம், பரீட்சையில் அவர்களும் எழுதுகிறார்கள். சீமெந்தில் கல் செய்து தொட்டிக்குள் வைக்க வேண்டுமென்றால் நல்ல தண்ணீரில் கிழமைக்கணக்கில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, pH அளந்து பார்த்துத்தான் வைக்க வேண்டும். பொறுத்தால் சீமெந்து நல்ல சாமான். கடலில் பெரிய அளவில் முருகைத் துண்டு பதிக்கிறவர்கள் பலரும் சீமெந்தைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

அங்கேதான் அடுத்த சண்டை. தொட்டியில் 'ஒட்டினா போதும்' என்கிற அதே வாய், கடலில் 'நட்டா போதும்' என்கிறது.

கற்பிட்டிக்கு அப்பால் இருக்கும் பார் ரீஃப் 1992இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 306 சதுர கிலோமீற்றருக்கு மேல். இலங்கையின் மிகப் பெரிய முருகைக் கற்பாறைத் தொகுதிகளில் ஒன்று நம்ம வாசலில் இருக்கிறது. 1998இல் கடல் சூடேறி முருகைக்கல் வெளுத்தபோது அதன் ஆழமில்லாத பகுதி ஏறக்குறைய முழுதாகச் செத்தது. அதற்குப் பிறகு யாரும் பசை கொண்டுபோய் ஒட்டவில்லை. வருடங்கள் போகப் போக, குஞ்சுகள் தாமாக வந்து குந்தி, மேசை மாதிரி விரியும் இனங்களும் கிளைவிடும் இனங்களும் மீண்டும் எழும்பின. 2016இல் கடல் மறுபடி சூடேறியது, மறுபடி வெளுத்தது. அந்தப் பாறையைக் கொன்றது வெப்பம். பசை இல்லாமல் அது சாகவில்லை. வெப்பத்தை நம்மால் ஊரிலிருந்து நிறுத்த முடியாது என்றால், நங்கூரம் போடுகிற இடத்தை மாற்றலாம். சீசனுக்கு டொல்பின் காட்டக் கூட்டிப்போய், திரும்புகிற வழியில் பாறை மேல் ஆட்களை இறக்கி நிற்கவைத்துப் படம் எடுக்கிறதை நிறுத்தலாம். இதற்கு ஒரு டியூபும் வாங்கத் தேவையில்லை, அதனால்தான் திட்டமாகவும் வருவதில்லை.

கடலுக்குள் சாமானை இறக்கினால் பாறையாகிவிடும் என்ற நம்பிக்கைக்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1972இல் அமெரிக்காவின் புளோரிடாக் கடலில் இருபது இலட்சம் அளவிலான பழைய டயர்களைக் கட்டுக்கட்டாக இறக்கினார்கள். நைலோன் பட்டியும் இரும்புக் கிளிப்பும் போட்டுக் கட்டினார்கள். உப்புத் தண்ணீரில் இரும்பு கரைந்தது, கட்டு அவிழ்ந்தது, புயலுக்கு டயர்கள் உருண்டு போய்ப் பக்கத்தில் உயிரோடு இருந்த பாறையை மோதி நாசம் பண்ணின. 2007இலிருந்து இராணுவச் சுழியோடிகளை இறக்கி அள்ள வேண்டி வந்தது. நம்ம நாட்டில் 2021இல் கழித்த பஸ்களை நெடுந்தீவுப் பக்கம் கடலில் இறக்கினார்கள், அக்கரைத் தமிழ்நாட்டு மீனவர் வலை கிழியும் என்று எதிர்த்தார்கள். இறக்குகிற நாளில் படம் வந்தது. இரும்பு கரைந்தபின் வருகிற படத்தை யார் எடுப்பார்?

ஒழுங்காகச் செய்கிறவர்கள் இல்லாமலில்லை. நமக்கு நேர் எதிரே தூத்துக்குடியில், சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் இருபது வருடத்துக்கு மேலாக மன்னார் வளைகுடாவில் கொங்கிறீட் சட்டங்களில் முருகைத் துண்டுகளைப் பதித்து வளர்க்கிறார்கள். அவர்கள் பேசுவது பசையைப் பற்றி இல்லை. திரும்பத் திரும்பக் கடலுக்குப் போய் எது பிடித்தது, எது செத்தது என்று எண்ணுவதைப் பற்றி. அந்தப் பக்கம் முருகைக்கல்லைத் தோண்டியதன் விலையையும் பார்த்தவர்கள் அவர்கள். வான் தீவு கரைந்து சிறுத்துப்போய், 2015இலிருந்து அதைச் சுற்றிக் கொங்கிறீட் அமைப்புகளை இறக்கித்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. நம்ம பக்கம் ஒரு நாள் போய், பத்துத் துண்டு ஒட்டி, பனர் பிடித்துப் படம் எடுத்துவிட்டு வருகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி: ஆறு மாதம் கழித்துப் போய் எண்ணினீர்களா? எண்ணியிருந்தால் அந்தக் கணக்கையும் படத்தோடு போடுங்கள். எட்டுத் துண்டு செத்திருந்தாலும் போடுங்கள். பிள்ளைகளுக்கு அதுதான் பாடம்.

உயிர் முருகைக்கல்லை உடைக்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அது சட்டப்படி குற்றம். கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தில் 1988இல் கொண்டுவந்த திருத்தத்திலிருந்து கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதற்குத் தடை இருக்கிறது. வெளிநாட்டு வியாபாரத்துக்கும் சர்வதேச ஒப்பந்தக் கட்டுப்பாடு உண்டு. தெற்கே சுண்ணாம்புச் சூளைக்காகப் பாறையைத் தோண்டிய ஊர்களில் கடல் கரையைத் தின்றதைப் பார்த்துத்தான் அந்தச் சட்டம் வந்தது. "ஒரு துண்டுதானே சேர், நாங்க என்ன லொறியிலயா ஏத்துறம்" என்கிறார்கள். பிடுங்கிய துண்டில் பாதி தொட்டிக்கு வரும்முன்பே செத்துவிடுகிறது, மீதி ஒரு மாதத்தில். லைட்டும் உப்பும் கல்சியமும் சரிபார்க்கத் தெரியாத தொட்டியில் எந்த ஜெல்லும் அதைக் காப்பாற்றாது. பிறகு இன்னொரு துண்டு. அப்படியே லொறி நிறைகிறது.

அப்படியென்றால் ஏன் இவ்வளவு நேரம் பசை பற்றிச் சொன்னீர்கள் என்று கேட்பீர்கள். பண்ணையில் வளர்த்த, பத்திரம் உள்ள துண்டுகளை வாங்கி வைப்பவர்கள் இருக்கிறார்கள். வெறும் கல் அடுக்கி மீன் மட்டும் வளர்ப்பவர்கள் அதைவிட அதிகம், அவர்களுக்கும் கல்லை ஒட்டத்தான் வேண்டும். ஹோட்டல் வரவேற்பறையில் தொட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். பாடசாலைகள் இருக்கின்றன. வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அவர்கள் நேரே பாத்ரூம் சிலிக்கனிடம்தான் போவார்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கு: கண்காட்சிக்காகப் பிள்ளைகளைக் கரைக்கு அனுப்பிச் செத்த முருகைக்கல் பொறுக்கி வரச் சொல்லி, பெயின்ட் அடித்து, கம் வைத்துப் பலகையில் ஒட்டுகிற வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். கரையில் கிடப்பதற்கும் கரையில் வேலை இருக்கிறது. களிமண்ணில் செய்யட்டும், கடதாசிக் கூழில் செய்யட்டும். உண்மையாகவே ஒட்டும் சோதனை காட்ட வேண்டுமென்றால் ஐந்து சின்னப் போத்தலில் கடல் தண்ணீர் எடுத்து, ஐந்து வகைப் பசையால் ஒட்டிய சிறு ஓட்டுத் துண்டுகளைப் போட்டு, ஒவ்வொரு நாளும் pH தாள் நனைத்து ஒரு மாதம் எழுதி வைக்கச் சொல்லுங்கள். உயிர் ஒன்றையும் உள்ளே போடத் தேவையில்லை. சீமெந்துப் போத்தலின் தாள் நிறம் மாறுவதைப் பார்த்த பிள்ளை பத்தாயிரம் மடங்கு என்றால் என்னவென்று பிறகு மறக்காது. சுற்றாடல் முன்னோடிப் படையணி இருக்கிற பாடசாலைகளுக்கு இது செலவில்லாத வேலை.

எங்கள் ஆய்வுகூடத்தில் சனிக்கிழமைகளில் இதைச் செய்து காட்டத் தயாராக இருக்கிறோம். வீட்டில் தொட்டி ஒட்டப்போகிறவர்கள் வாங்கிய டியூபையும் கொண்டுவாருங்கள், ஒட்டுவதற்கு முன் கொண்டுவாருங்கள், பின்பக்கத்தைச் சேர்ந்து வாசிப்போம். ஜெல் பாவிக்கிற பிள்ளைகள் கண்ணாடி போட வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். விரல் ஒட்டினால் இழுக்காமல் இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவிடுங்கள். பருத்திக் கையுறை போட்டு வர வேண்டாம். சுப்பர் குளூ பருத்தியில் ஊறினால் கையைச் சுடுகிற அளவுக்குச் சூடேறும்.